சணல் நாருக்கும் மக்கும் நெகிழிக்கும் பிடிப்பு ஏற்படுத்திய விதம்

மக்கும் தன்மையுள்ள பாலிலாக்டிக் அமில நெகிழியின் வலுவைக் கூட்டுவதற்காகச் சணல் நார் கலந்து வார்த்த பட்டைகள், தனி நெகிழியைவிட எளிதில் முறிந்தன. முறிந்த முகப்பை உருப்பெருக்கியில் பார்த்தபோது நார்கள் அறுபடாமல் உருவிக்கொண்டு வெளியே நீட்டியிருந்தன. இரண்டுக்கும் இடையே பிடிப்பு இல்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. ஆகவே நாரை 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து (கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்), மேற்பரப்பிலுள்ள மெழுகும் ஹெமிசெல்லுலோஸ் என்ற தாவரப் பொருளும் நீங்கிச் சொரசொரப்பு வந்தபின், காரம் போகும்வரை அலசினேன்.

அதைவிட முக்கியமானது உலர்த்தல் என்பேன். ஏனெனில் ஈரம் எஞ்சினால், உருகிய நிலையில் நீர் இந்த நெகிழியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளையே துண்டித்துவிடும். நாரை 80 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் உலர்த்தி, அது கருகாதிருக்க உருக்கும் வெப்பத்தை 190 டிகிரிக்குள் நிறுத்தினேன். இவ்வாறு வார்த்த பட்டைகள் வளைவுச் சோதனையில் தனி நெகிழியை மிஞ்சின.