கரன்ட் போவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

மின்தடை என்றதும் நமக்கு வெளிச்சம்தான் ஞாபகம் வரும். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்து வைத்துவிட்டு, சரி, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோம். இருட்டைக்கூடச் சமாளித்துவிடலாம். மோட்டார் ஓடாமல் தண்ணீர்த் தொட்டி காலியானால்தான் வீடு திண்டாடும். மின்தடை அறிவிப்பு வந்தால் முதல் வேலையாகத் தொட்டியை நிரப்புங்கள். மெழுகுவர்த்தியைவிட டார்ச் நல்லது, திரைச்சீலையில் தீப்பிடிக்காது.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கணக்குப் பார்ப்பதே இல்லை. 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால், இரண்டையும் பெருக்கினால் ஏட்டுக்கணக்கில் 1,800 வாட்-மணி. லெட் ஆசிட் பேட்டரியை அடியோடு தீர்த்தால் அதன் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும். கைக்கு வருவது 1,100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 வாட் மின்விசிறி இரண்டு, 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று, ஒரு வைஃபை ரூட்டர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 190 வாட். ஆறு மணி நேரம்கூட முழுதாக வராது. அதுவும் புது பேட்டரிக்குத்தான். டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோய், அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் பேட்டரியைக் கெடுத்துவிடும். அவ்வப்போது மெயினை அணைத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை தாங்கும். ஆனால் வீட்டில் ஆளாளுக்குத் திறந்து "ஐஸ் உருகிடுச்சா?" என்று பார்ப்பார்களே!

உயிருக்கே உலை வைப்பது ஜெனரேட்டர். மழைக்குப் பயந்து அதை வராந்தாவிலோ கார் ஷெட்டிலோ ஓட்டுகிறார்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, கதவு ஜன்னல் பக்கம் புகை வராதபடி வையுங்கள். அதைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரன்ட் கொடுப்பது இன்னும் மோசம். மெயின் அணைக்காமல் இருந்தால் மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பல மடங்கு வோல்டேஜாக உயர்த்திவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் கதி? எலக்ட்ரீஷியனை அழைத்து, தெருக்கம்பி அல்லது ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றோடு மட்டுமே வீட்டை இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கரன்ட் போனதும் ஏசி, டிவி, ஃபிரிட்ஜ் சுவிட்சுகளை அணைக்க மறந்துவிடுவோம். திரும்பி வரும்போது வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கலாம். ஒரே ஒரு பல்பை மட்டும் போட்டு வையுங்கள். அது எரிந்து சில நிமிடங்கள் கழித்து மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடலாம்.