பிரஷர் முள்ளுக்கு வைத்தியம் பாக்காதீங்க: பழைய லேண்ட் ரோவர் புதுசா வாங்கினவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை நானுஓயாப் பக்கம் ஒரு தம்பி புதுசா வாங்கின சீரிஸ் த்ரீ லேண்ட் ரோவரோட வந்து நின்னான், 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சின். பொனட்ட தெறந்து வச்சிக்கிட்டு "அண்ணே, ஏத்தத்துல ஒயில் பிரஷர் விழுந்துக்கிட்டே இருந்திச்சி, மெக்கானிக் பாஸ் கெட்டியான 50 நம்பர் ஒயில் ஊத்தி விட்டாரு, இப்ப பாருங்க முள்ளு எப்படி நிக்குது"ன்னு சிரிக்கிறான். எனக்கு வயித்தக் கலக்கிருச்சி. 12 வருசத்துக்கு முந்தி இதே வார்த்தைய நானும் ஒரு பெரியவர்கிட்ட பெருமையா சொன்னவன்தான். நேரத்துக்கு ஒயில் மாத்துங்க, லீக் பாருங்கன்னெல்லாம் இங்க எழுதப் போறதில்ல, அது ஆட்டோ ஓட்டுறவங்களுக்கே தெரியும். புதுசா வாங்கினவங்க ஒயில் விசயத்துல விடுற தப்புகளத்தான் ஒண்ணொண்ணா சொல்றேன்.

முள்ளு எறங்கினா கெட்டி ஒயில் ஊத்துறது

பம்ப் பிரஷர உண்டாக்குதுன்னுதான் நெறையப் பேர் நெனைக்கிறாங்க. பம்ப் ஒயிலத் தள்ளுது, அவ்வளவுதான். தள்ளுற ஒயில் பெயாரிங்குக்கும் கிராங்குக்கும் (பிஸ்டன் சுத்துற தண்டு) நடுவுல உள்ள இடைவெளிக்குள்ள நுழைய சிரமப்படுதே, அந்தத் தடையத்தான் முள்ளு காட்டுது. பீலியில இருந்து லயத்துக்கு ஹோஸ் இழுத்து தண்ணி புடிச்சவங்களுக்கு இது சட்டுன்னு வெளங்கும்: நுனிய விரலால அமுக்கினா தண்ணி பீச்சியடிக்கும், ஆனா வாளி நெறைய முந்தியவிட கூட நேரம் எடுக்கும். பெயாரிங் தேஞ்சி இடைவெளி கூடினா தடை கொறையுது, முள்ளு எறங்குது. அதுல கெட்டி ஒயில ஊத்தினா முள்ளு ஏறத்தான் செய்யும், தேஞ்சது தேஞ்சபடியேதான் இருக்கும்.

நான் அதோட நிக்கல. ரிலீஃப் வால்வ் ஸ்ப்ரிங்குக்கு அடியில ஒரு வொஷர் போட்டா பிரஷர் ஏறும்னு ஒரு பாஸ் சொன்னாரு, போட்டாச்சி. இப்ப யோசிச்சா சிரிப்பு வருது, அந்த வால்வ் பிரஷர் அளவுக்கு மீறி ஏறினா தெறந்து மிச்ச ஒயில திருப்பி சம்ப்புக்கு, அதான் எஞ்சினுக்கு அடியில இருக்குற ஒயில் தொட்டிக்கு, விடுறது, சூடான எஞ்சின் ஐட்லிங்ல அது எப்படியும் மூடித்தான் கெடக்கும், மூடிக் கெடக்குற வால்வுக்கு ஸ்ப்ரிங்க எவ்வளவு இறுக்கினாலும் என்ன பிரயோசனம்? காலங்காத்தால ஒயில் கெட்டியா இருக்குறப்ப முள்ளு இன்னும் மேல போனதுதான் மிச்சம், பம்ப்பையும் அதச் சுத்துற பல்லையும் வீணா வதைச்சேன்.

இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் வர்ற எடம் இதுதான். இந்த எஞ்சின்ல ரிலீஃப் வால்வ் பம்ப்போட சேந்து சம்ப்புக்குள்ள இருக்கு. அந்த ஒத்த வொஷருக்காக முழு சம்ப்பையும் கழட்டிக் கீழ வச்சிருக்கோம், மேல அண்ணாந்து பாத்தா கிராங்க் கண்ணு முன்னாடி தொங்குது, ரெண்டு போல்ட்ட கழட்டி ஒரு பிக் எண்ட் கெப்ப (பிஸ்டன் கம்பி கிராங்கப் புடிக்கிற எடத்து மூடி) எறக்கி பெயாரிங்க பாக்க பத்து நிமிசம் போதும். பாக்கல. வொஷரப் போட்டு மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டோம்.

ஜனவரி மாசம் நுவரெலியாக் குளிருல ஸ்டார்ட் பண்ணா முள்ளு 80 பி.எஸ்.ஐ காட்டுது, எஞ்சினுக்கு மேல வால்வுகள அமுக்குற ரொக்கர்ல கடகடன்னு சத்தம். முள்ளு அப்படி நிக்குறப்ப ஒயில் பத்தாம எப்படி சத்தம் வரும்னு விட்டுட்டேன். கெட்டி ஒயில் மேல ஏற சொணங்குது, பாதி ஒயில் ரிலீஃப் வால்வ் வழியா சம்ப்புக்கே திரும்பி ஓடுதுன்னு அப்ப தெரியல. அடுத்த கெழமை கம்பளையில இருந்து ஏறி வாறேன், புசல்லாவ, றம்பொடை, ஏறக்குறைய 1,400 மீற்றர் ஏத்தம், பாதிக்கு மேல ரெண்டாம் கியர்தான். ஒயில் சூடாக சூடாக முள்ளு 40, 30, 20ன்னு எறங்குது, லபுக்கலைக்கு மேல ஒரு வளைவுல டொக் டொக்குன்னு கேட்டிச்சி. கொழுந்து லொறியில கட்டி இழுத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். பிக் எண்ட் பெயாரிங்ல வெள்ள மேல்பூச்சு போயி செம்பு தெரியுது, கிராங்க லேத்துல குடுத்து கடைஞ்சி 20 தவு (அங்குலத்துல ஆயிரத்துல 20 பங்கு) அண்டர்சைஸ் பெயாரிங் போட்டேன், மூணு மாசச் சம்பளம் போச்சி.

அதனால முள்ளு எறங்கினா மொதல்ல ஒரு மெக்கானிக்கல் கேஜ் எரவல் வாங்கி பூட்டிப் பாருங்க, பல நேரம் பிரஷர அளந்து டேஷ் கேஜுக்கு அனுப்புற சென்டர்தான் பொய் சொல்லும். கம்பனி மெனுவல்ல இருக்குற கணக்கு, எஞ்சின் சூடா, டொப் கியர்ல மணிக்கு 30 மைல் வேகத்துல 35ல இருந்து 65 பி.எஸ்.ஐ. ஐட்லிங்ல 15 நின்னா பயப்படாதீங்க. ஒயில் 20டபிள்யூ-50 போதும், அது குளிருல வெறும் 50 நம்பர் அளவுக்குக் கெட்டியாகாது. அந்தக் கேஜும் கொறைவா காட்டினா சம்ப்பக் கழட்டுங்க, கழட்டினா பெயாரிங்கப் பாருங்க.

தண்ணி கேஜ வச்சி ஒயில் சூட்ட கணக்குப் போடுறது

ஒயில் தண்ணியவிட மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் ஆறும். நீண்ட ஏத்தத்துல வேகமும் இல்ல காத்தும் இல்ல, ஆனா எஞ்சின் கத்திக்கிட்டே வரும், தண்ணி முள்ளு நடுவுல சாதுவா நிக்குறப்பவே ஒயில் 120 பாகை செல்சியஸ தாண்டியிருக்கும். 90ல இருந்து 110 பாகை வரைக்கும் நல்லது, 130ஐ தாண்டினா ஒயில் சீக்கிரம் கெட்டுப்போகும். ஏத்தம் முடிஞ்சி டீக்கடைய கண்டதும் சாவியத் திருப்பாதீங்க, ரெண்டு மூணு நிமிசம் ஐட்லிங்ல விடுங்க.

தெர்மோஸ்டட் இல்லாத ஒயில் கூலர்

தெர்மோஸ்டட்தான் ஒயில் சூடான பொறகு மட்டும் கூலருக்கு விடுறது. நுவரெலியாக்காரங்க அது இல்லாத கூலரப் பூட்டினா ஒயில் சூடே ஆகாது. கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுற வண்டியில ஒயில் மூடிக்கு அடியில வெள்ளையா தயிரு மாதிரி படியும், ஈரம் காயாததால வர்றது, அதப் பாத்துட்டு ஹெட் கெஸ்கெட் போயி ஒயில்ல தண்ணி கலந்திருச்சின்னு கழட்டினவங்களும் இருக்காங்க.

சரிவுல நிப்பாட்டி டிப் ஸ்டிக் பாக்குறது

பாக்காதீங்க. நம்ம பக்கம் சமதரைன்னா கோயில் முத்தந்தான், அங்க போய் பாருங்க. கொறைவாக் காட்டுதுன்னு மேல ஊத்தினா கிராங்க் அடிச்சி நொரையாக்கி பிரஷர் இன்னும் விழும்.

ஊத்தாமலே ஒயில் கூடுது

மோந்து பாருங்க. பெற்றோல் வாசம் வந்தா ஃபியூவல் பம்ப் டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு. ஓட்டாதீங்க.

ஒயில் லைட்டு பத்தினா "வயர் லூஸ்"ன்னு விடுறது

எஞ்சின நிப்பாட்டிட்டு அப்புறம் வயரப் பாருங்க.

தம்பிக்கு என் பழைய பெயாரிங்கத்தான் காட்டினேன், டேஷ் தட்டுலயே கெடக்கு. கையில வாங்கி நகத்தால செம்பச் சொரண்டிக்கிட்டே நின்னான். வர்ற போயா லீவுக்கு சம்ப்ப எறக்குறான். நானும் போறேன், கெப்ப நானே கழட்டணும்.