பயணக் காப்பீடு: பெட்டி கட்டும் முன்பே பார்க்க வேண்டியவை

என் மனைவி ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள். பாசி படிந்த சரிவிலும் காப்பித் தோட்டத்துச் சேற்றிலும் செருப்பில்லாமல் ஓடியவள். அவள்தான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் உள்ள மகள் வீட்டு வாசலில், ஜனவரி மாதத்து ஒரு காலையில் கண்ணுக்கே தெரியாத பனிப்படலத்தில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. அவளுக்கு வயது 63. 11 வருடமாகச் சர்க்கரை, 6 வருடமாக ரத்தக் கொதிப்பு.

சேலம் செவ்வாய்பேட்டையில் 30 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் பெரியவர்கள் மூன்று மாத மாத்திரை வாங்க வருவார்கள். இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டால், “விசாவுக்காக ஏஜென்ட் போட்டுக் கொடுத்தார்” என்பார்கள். பாலிசியைப் பிரித்துப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விண்ணப்பப் படிவம். எங்களுக்குப் பாலிசி எடுத்துத் தந்த ஏஜென்ட், ஏற்கெனவே நோய் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று அவராகவே நிரப்பியிருந்தார். சர்க்கரை என்று எழுதினால் பிரீமியம் ஏறும், வீண் செலவு என்று காரணமும் சொன்னார். நான் அந்த இடத்திலேயே திருத்தச் சொன்னேன். இரண்டு நோயின் பெயரையும், எந்த வருடத்திலிருந்து என்பதையும், சாப்பிடும் மாத்திரைகளையும் எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டாள் என் மனைவி.

எழுதிவிட்டால் சர்க்கரைக்கான சிகிச்சைக்கும் பணம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு இடமில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள் தருகிற பாலிசிகள் உண்டு. பின் எதற்காக எழுத வேண்டும்? மறைத்தது தெரிந்தால், அந்த நோய்க்குத் தொடர்பே இல்லாத விபத்துக்கும் பணம் மறுக்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும்.

அடுத்து, எவ்வளவு தொகைக்கு எடுப்பது. ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும், தங்கும் நாள் முழுவதும் செல்ல வேண்டும். அமெரிக்காவின் சுற்றுலா விசாவுக்கு இப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. அதனாலேயே பலர் எடுக்காமல் போகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான். அங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவரைப் பரிசோதித்து உயிரைக் காக்க வேண்டும் என்று 1986-லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் பில் பின்னாலேயே வந்துவிடும். அமெரிக்கா போகும் பெரியவர்களுக்கு 2.5 லட்சம் டாலருக்குக் குறையாமல் எடுக்கச் சொல்கிறேன். ஊரில் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு போதாதா என்று கேட்கிறார்கள். அது பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

பாலிசியின் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கான பல பாலிசிகளில் உள்வரம்பு இருக்கும்: அறை வாடகைக்கு நாளுக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, மயக்க மருந்து மருத்துவருக்கு இவ்வளவு. மொத்தத் தொகை எத்தனை லட்சமானாலும் இந்த வரம்புக்கு மேல் ஒரு காசும் வராது. கொஞ்சம் அதிகம் கட்டினாலும் உள்வரம்பு இல்லாத பாலிசியே மேல். டிடக்டிபிள் என்று ஒரு தொகை இருக்கும். ஒவ்வொரு கிளெய்மிலும் அந்த முதல் தொகை நம்முடையது. எங்களுக்கு அது 100 டாலர். நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு பெரும்பாலான இந்திய நிறுவனங்கள் தருவதில்லை. திரும்பும் தேதிக்குப் பிறகும் சில நாள் சேர்த்து எடுப்பது நல்லது.

மருந்துச் சீட்டு என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நாம் இங்கே கம்பெனிப் பெயரில் மாத்திரை கேட்டுப் பழகியவர்கள். அந்தப் பெயர் அங்குள்ள மருத்துவருக்குப் புரியாது. மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டான், அம்லோடிபின் என்று மூலப்பெயரும், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்பதும் உங்கள் மருத்துவர் கையெழுத்தோடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மூலப்பெயரே சில சமயம் மாறும்: நம் பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். மாத்திரைகளை அட்டையோடு, கைப்பையில் வையுங்கள். டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் பாலிசி எண்ணையும், நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணையும், போகும் நாட்டின் ஆம்புலன்ஸ் எண்ணையும் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தோம். ஐரோப்பாவில் 112, அமெரிக்காவில் 911, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. ஜெர்மனியில், உயிருக்கு ஆபத்தில்லாத தொல்லைக்கு இரவிலோ விடுமுறை நாளிலோ மருத்துவர் வேண்டுமென்றால் 116117.

விழுந்த அன்று மகள் 112-ஐ அழைத்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர் கையைத் தொடும் முன்பே, அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். 146. அதை நேரத்தோடு தாளில் எழுதினார். அந்தத் தாளை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உதவி எண்ணுக்குப் பேசினேன். எந்த அவசரமானாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பல பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. தெரிவித்தால்தான் மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதிக்கு வழி பிறக்கும். பேசியவர் பெயர், நேரம், அவர் தந்த குறிப்பு எண் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எலும்பு விலகியிருந்ததால் பிளேட் வைக்க வேண்டும் என்றார் மருத்துவர். உதவி மையத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: ஊருக்குத் திரும்பிய பிறகு இதைச் செய்துகொள்ள முடியாதா? ஊர் திரும்பும்வரை காத்திருக்கக்கூடிய சிகிச்சைக்குப் பயணக் காப்பீடு பணம் தராது. எங்கள் டிக்கெட்டுக்கு இன்னும் 5 வாரம் இருந்தது. மகள் மருத்துவரிடம் எடுத்துச் சொன்னாள். 10 நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்று அவர் ஒரே வரியில் எழுதித் தந்தார். அதன் பிறகே அனுமதி வந்தது. இப்படிக் கேள்வி வரும்போது வாதாட வேண்டாம். மருத்துவரின் கையெழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சேர்த்து 6,300 யூரோ. அறுவை சிகிச்சைப் பணம் மருத்துவமனைக்கு நேராகப் போனது. ஆம்புலன்ஸ் பில் 3 வாரம் கழித்துத் தபாலில் வந்தது. அதையும் மருந்துச் செலவையும் நாங்கள் கட்டி, சேலம் வந்து கிளெய்ம் செய்தோம். அசல் பில்கள், பணம் கட்டிய ரசீது, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் கடிதம், மருத்துவர் சீட்டு, பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரை உள்ள பக்கங்களின் நகல், கேன்சல் செய்த காசோலை ஆகியவற்றைக் கேட்டார்கள். ஜெர்மன் மொழித் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்பட்டது. மொத்தப் பில் மட்டும் போதாது, எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்ட பில் வேண்டும். அதை அங்கே இருக்கும்போதே கேட்டு வாங்குவது எளிது.

பத்து நாளில் ஒரு கடிதம் வந்தது. சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தாரா என்று கேட்டிருந்தார்கள். அப்படியென்றால் அது ஏற்கெனவே உள்ள நோயால் வந்தது, பணம் இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. பிறகுதான் ஆம்புலன்ஸ் தாள் நினைவுக்கு வந்தது. சர்க்கரை இறங்கவில்லை என்று காட்டும் 146 என்ற எண்ணும், ‘பனியில் வழுக்கி விழுந்தார், நினைவு தவறவில்லை’ என்ற குறிப்பும் அதில் இருந்தன. நகல் எடுத்து அனுப்பினேன். 100 டாலர் போக மீதி வந்து சேர்ந்தது.

மறுத்தால் என்ன செய்வது? முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓர் ஆண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

சித்திரையில் மீண்டும் மகளிடம் போகிறோம். விண்ணப்பத்தில் இந்த முறை மணிக்கட்டில் பிளேட் இருப்பதையும் எழுதியாகிவிட்டது. சேலத்துக்காரர்கள் யாராவது கிளம்புவதாக இருந்தால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது மருந்துச் சீட்டோடு கடைக்கு வாருங்கள். மூலப்பெயர்களை நான் எழுதித் தருகிறேன். உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.