புகைச் சோதனையில் தோற்ற அம்பாசிடரைத் தானமாகக் கொடுத்த கதை

எங்கள் பழைய டீசல் அம்பாசிடர் புகைச் சோதனையில் தேறவில்லை. புகையின் கருமையை அளக்கும் ஹார்ட்ரிட்ஜ் அலகில் வரம்பு 65. ஏர் ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டரைச் சரிபார்த்தும் கறும்புகை அடங்கவில்லை; பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தது. இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் வேறு வண்டியே வாங்கிவிடலாம்.

காரைக்குடியில் பிள்ளைகளுக்கு இலவசமாக மெக்கானிக் வேலை கற்றுத்தரும் அறக்கட்டளைக்கு, பிரித்துப் பழகட்டும் என்று கொடுத்துவிட்டேன். ஆச்சிக்குத்தான் மனசே இல்லை.

சாவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. இனி சாலைக்கு வராது என்பதால், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்தேன். அறக்கட்டளைக்காரர்கள் ஓட்டுவதாக இருந்தால் 29, 30 படிவங்களில் பெயர் மாற்றியிருக்க வேண்டும். அப்புறம், பொருளாகக் கொடுத்தால், நன்கொடைக்கான 80ஜி வருமான வரிவிலக்கு கிடையாது.