சர்வாதிகாரியின் பிள்ளைப்பருவத்தை எப்படிப் படிப்பது?

ரங்கூன் டீக்கடையில், பர்மாவை ஆண்ட சர்வாதிகாரி நே வின் பேச்சு வந்தாலே யாராவது ஒரு பெரியவர் "அவன் ஒரு பைத்தியம்ப்பா" என்று முடித்துவிடுவார். அவசரப்படாதீர்கள். அடி வாங்கிய கதையைத் தேடுங்கள், சரி, ஆனால் அதே வீட்டில் வளர்ந்த மற்ற பிள்ளைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஹிட்லரின் அப்பா கைநீட்டுகிறவர். அவருடைய முந்தைய தாரத்து மகனும்தான் அடிபட்டார், வீட்டைவிட்டு ஓடினார், பின்னாளில் பெர்லினில் உணவகம் நடத்தினார், அவ்வளவுதான். ஸ்டாலினின் அப்பா குடித்துவிட்டு அடித்த செருப்புத் தொழிலாளி. அப்படிப்பட்ட அப்பாக்கள் நம் தெருவில் இல்லையா என்ன?

நோய்ப்பெயர் ஒட்டாதீர்கள். நேரில் பரிசோதிக்காமல் அப்படிச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே 1973-இல் விதி வைத்தது.

அப்புறம், ஒருவரின் கிறுக்கு எந்த இடத்தில் சட்டமாகிறது என்று பிடியுங்கள். எண்கணிதப் பித்து நம் ஆட்களுக்கும் உண்டு, மிஞ்சிப்போனால் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்வார்கள். 1962-இல் ராணுவத்தை வைத்து நாட்டைப் பிடித்த நே வின்னுக்கோ 9 ராசி எண், தட்டிக்கேட்க ஆளில்லை. 1987-இல் பர்மா பணமான கியாட்டில் 25, 35, 75 நோட்டுகள் செல்லாமல் போய், 9-ஆல் வகுபடும் 45-ம் 90-ம் வந்தன. அரிசிப்பானைக்குள் சேலைத்துணியில் முடிந்து வைத்திருந்த 75 கியாட் நோட்டுகளை எங்கள் பாட்டி கடைசிவரை தூக்கியெறியவில்லை.