நகரமைப்பு மேற்படிப்பு: நம் கரைப் பிள்ளைகள் தயாராவது எப்படி?

நான் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்துக்காரி, எம்.பிளான் என்ற நகரமைப்பு முதுகலைப் படிப்பை முடித்து நகரமைப்பாளராக வேலை செய்கிறேன். கட்டடக்கலையோ சிவில் பொறியியலோ படித்த நம் பகுதிப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வந்தே ஆகவேண்டும்.

எம்.பிளான் இரண்டு ஆண்டுப் படிப்பு. கேட் (GATE) என்ற முதுகலை நுழைவுத் தேர்வில் கட்டடக்கலை, திட்டமிடல் தாளை எழுதினால் டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. எனும் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கு முயலலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு. தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

சேரும் முன்பே கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளைப் பழகுங்கள், அது இலவசம். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையையும் வாசியுங்கள்.

பிறகு வரைபடத்தோடு கரையில் நடங்கள். இதுதான் முக்கியம். வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும்; தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். பாம்பன் பகுதியில் காற்றுக்கேற்பப் படகுகள் கரை மாறும். ஒரே பருவத்தில் கணக்கெடுத்தால், படகு ஏற்றும் மணலைக் காலிமனை என்று குறித்துவிடுவீர்கள். அந்தப் பிழை ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பறிக்கும். ஆகவே இரு பருவத்திலும் போங்கள். வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், நல்ல தண்ணீர்க் கிணறு எல்லாவற்றையும் குறியுங்கள். கடற்பாசி எடுக்கும் அக்காமாரிடம், எந்த மாதம் கடலோரத்தில் எந்த இடத்தில் இறங்குவார்கள் என்று கேளுங்கள். ஆய்வேட்டுத் தலைப்பு இதிலிருந்தே பிறக்கும்.

சேரும் கல்லூரியின் படிப்பை, 1951-இல் தொடங்கிய இந்திய நகரமைப்பாளர் நிறுவனம் அங்கீகரித்திருக்கிறதா என்று கட்டணம் கட்டும் முன்பே உறுதிசெய்யுங்கள்.