ஏரித்தண்ணியில இருக்கற புரோட்டோசோவாவ நடையை வச்சு கண்டுபிடிக்கறது எப்படி

போன லீவுல அக்கா பொண்ணு பாகூர் ஏரித்தண்ணிய பாட்டில்ல புடிச்சுட்டு வந்து மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமே இல்ல மாமான்னு மூஞ்சிய தொங்கப்போட்டுட்டா. வெறும் தண்ணில தேடினா அப்படித்தான் ஆகும், முதல்ல புரோட்டோசோவாங்கற அந்த ஒத்தை செல் உயிருங்கள பெருக்கணும்.

ஒரு கைப்பிடி வைக்கோல கிணத்துத் தண்ணியில பத்து நிமிஷம் கொதிக்க வச்சு நல்லா ஆறவிடுங்க, குளோரின் போட்ட குழாத்தண்ணி வேணாம். அப்புறம் ஏரித்தண்ணிய கொஞ்சம் சேறு, அழுகின இலையோட ஊத்தி, மேல துணி கட்டி நேர் வெயில் படாத இடத்துல வச்சிடுங்க. ரெண்டு மூணு நாள்ல மேல ஆடை மாதிரி படியும், நாத்தமும் அடிக்கும், ஆனா கொட்டிடாதீங்க, அது பாக்டீரியா, அதைத் தின்னத்தான் நம்மாளுங்க வருவாங்க. தண்ணிய தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்க, மூக்குல மட்டும் ஏறவே கூடாது.

ஒரு வாரம் கழிச்சு ஆடைக்குக் கீழேருந்து ஒரு சொட்டு எடுத்து 100 மடங்குல பாருங்க. உருவத்த வச்சு பேர் சொல்ல அவசரப்படாம, எப்படி நகருதுன்னு முதல்ல பாக்கணும், பழைய வகைப்பாடே அந்த நடையை வச்சுதான்.

உருண்டுக்கிட்டே சர்ருனு ஓடி, எதுலயாவது முட்டினா பின்னாடி வந்து திசை மாத்திப் போனா அது பாரமீசியம். கால் மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், உடம்பு பூரா குறுயிழை, அதாங்க சிலியா. சிலியா இருக்கற இந்தக் கூட்டத்துக்கு ரெண்டு வகை நியூக்ளியஸ், அதாவது உட்கரு, பெருசு அன்றாட வேலைக்கு, சிறுசு இனப்பெருக்கத்துக்கு. கண்ணுக்கு நிக்காம ஓடுச்சுன்னா சொட்டுல ரெண்டு பஞ்சு இழை போடுங்க, அதுல சிக்கி நிக்கும். காம்புல ஒட்டிக்கிட்டு திடீர்னு ஸ்பிரிங் மாதிரி சுருங்குற வோர்டிசெல்லாவும் இதே வகைதான்.

பச்சையா, சிவப்புப் புள்ளியோட, சாட்டை மாதிரி ஒரு இழைய வீசி நீந்துனா யூக்ளினா. கசையிழை வகை. வயித்துப்போக்கு குடுக்குற ஜியார்டியாவும் இந்த வகைதான்.

மலேரியா கிருமி பிளாஸ்மோடியத்த தயவுசெஞ்சு ஏரித்தண்ணில தேடாதீங்க, அது மனுஷன் ரத்தத்துலயும் அனோபிலிஸ் கொசுவுலயும் வாழுற ஒட்டுண்ணி, சிலியா, அமீபா நீட்டுற போலிக்கால்னு ஓடறதுக்கு தனி உறுப்பு இல்லாத ஸ்போரோசோவா கூட்டம். கொசுவால பரவுற நோய்ங்கள ஆராயறதுக்குன்னே 1975ல நம்ம பாண்டில ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஒரு மையம் ஆரம்பிச்சுது. எனக்கு ஆச்சரியம் என்னன்னா, டிஎன்ஏ கணக்குப்படி பாரமீசியத்துக்கு அமீபாவ விட இந்த பிளாஸ்மோடியம்தான் நெருங்கின சொந்தம்.

கடைசியா அமீபா. இதுக்கு பொறுமை வேணும், பாதிப்பேர் இதைப் பாத்துட்டே அழுக்குன்னு நகத்திடுறாங்க. பாத்திரத்தோட அடிச் சேத்துலேருந்து சொட்டு எடுங்க, வெளிச்சத்த குறைங்க, அதிக வெளிச்சத்துல அது கண்ணாடி மாதிரி மறைஞ்சிடும். சாம்பல் நிறத்துல பொடிப்பொடியா ஏதாவது தெரிஞ்சா மூணு நிமிஷம் கையை எடுத்துட்டு சும்மா பாருங்க, ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் விரல் மாதிரி நீண்டு, உள்ள இருக்குறதெல்லாம் அந்தப் பக்கமா வழிஞ்சு ஓடும், அதுதான் போலிக்கால். எங்க வீட்ல ஒன்பதாம் நாள் சாயங்காலம்தான் கெடச்சுது, பாப்பா மூச்சக்கூட விடாம, மாமா அழுக்கு நடக்குதுன்னு சொன்னா.